அழகியமண்டபத்தில் நின்றுபோகும் குளிர்

குலசேகரத்திலிருந்து புறப்பட்டால் அந்தக் காருக்குள் சரியாக இருபத்தைந்து நிமிஷம் குளிரும். திருவட்டாறு தாண்டி அழகியமண்டபத்துக்குள் நுழையும்போது கூரையிலிருந்து வரும் குளிர்காற்று வெறும் காற்றாகிவிடும். பிறகு கண்ணாடியை இறக்குவதைத் தவிர வழியில்லை. இறக்கினால் ரோட்டுப் புழுதி உள்ளே வரும். புழுதி வந்தால் பின்சீட்டில் இருக்கும் அன்னக்கிளி அம்மாளுக்கு இழுப்பு வந்துவிடும்.

டிரைவர் சுயம்புவுக்கு நாற்பத்தாறு வயது. பதினாறு வருஷம் பஸ் ஓட்டியவன். ரப்பர் எஸ்டேட் முதலாளி முத்துநாயகம், ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த ஓர் அமெரிக்க வியாபாரியிடம் கொச்சியில் இந்தக் காரை வாங்கியபோது, ஓட்டுவதற்கென்று சுயம்புவைக் கூப்பிட்டுக்கொண்டார். மீன்பிடி வள்ளம் மாதிரி நீளமான வண்டி. டிக்கிக்குள் குளிர் மிஷின்; அதன் காற்று கூரை வழியே வரும். முன்னால் எஞ்சினோடு பெல்ட் போட்டு இணைத்த கம்ப்ரசர், வண்டியின் அடியில் ஓடும் செம்புக் குழாய் வழியே அந்த மிஷினுக்கு கேஸைத் தள்ளும். பகட்டுக்கு வாங்கினார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். சுயம்புவுக்கு மட்டும் தெரியும், அவர் வாங்கியது மனைவிக்காக. ஏழு கோடைக்காலம் வீட்டின் உள்ளறையிலேயே கிடந்த அந்த அம்மாள், கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிற இந்த வண்டி வந்தபிறகுதான் தக்கலையையும் நாகர்கோவிலையும் மறுபடி பார்த்தார். முதல் நாள் சுசீந்திரம் தெப்பக்குளத்தருகே வண்டியை நிறுத்தச் சொல்லி, உள்ளே இருந்தபடியே அரைமணி நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் குளிர்தான் போன மார்கழிக்குப் பிறகு பாதி வழியில் நிற்கத் தொடங்கியது. கொச்சிக்கு இரண்டு தடவை கொண்டுபோனார்கள். முதல் தடவை கேஸ் நிரப்பிக் கொடுத்தார்கள். இரண்டாம் தடவை, கம்ப்ரசர் போய்விட்டது, அமெரிக்காவிலிருந்து வரவழைக்க ஆறு மாசம் ஆகும் என்று கைவிரித்துவிட்டார்கள்.

இப்போது சித்திரை முடிகிறது. பாளையங்கோட்டையில் அன்னக்கிளியின் தங்கை பகவதியம்மாளின் மகளுக்கு வைகாசி இரண்டாம் வாரம் கல்யாணம். ஆரல்வாய்மொழி கணவாய் தாண்டி மூன்று மணி நேரப் பயணம். அந்தப் பொட்டல் காற்றில் கண்ணாடியை இறக்கிக்கொண்டு போவதைப் பற்றி யாரும் யோசிக்கவே இல்லை. "நான் போகல்ல. அவ பிள்ளைகள கூட்டிட்டு பொறவு இஞ்ச வரட்டும்" என்று அன்னக்கிளியே சொல்லிவிட்டார். அதைச் சொன்னபோது முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அம்மாளுக்கு ஊசி போட வரும் மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் நேசபாய்தான் ஆபேலின் பேரை முதலில் சொன்னாள்.

"கருங்கல்லுக்குத் தெக்க, இனயம் போற ரோட்டுல ஐஸ் பாக்டரி இருக்கில்லா? அதுல மிஷின் பாக்குத ஆளு. எங்க ஆஸ்பத்திரி குளிர்ப்பெட்டி சத்துப்போச்சுன்னு எல்லாரும் சொன்னப்ப அவருதான் வந்து எழுப்பி வுட்டாரு. ஒரு நட்டுகூட களத்தல்ல கேட்டியளா. தலகீழா நிறுத்தி வச்சாரு, ஒரு பகல். பொறவு நிமுத்தினாரு. அன்னைக்குப் பிடிச்சு ஓடுது."

சுயம்புவுக்கு நம்பிக்கை வரவில்லை. கொச்சிக்காரனால் ஆகாததை மீனுக்கு ஐஸ் அடிக்கிறவன் என்ன செய்துவிடுவான்? ஆனாலும் மறுநாள் காலை முதலாளியிடம் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தான்.

ஐஸ் பாக்டரி ஓட்டுக்கூரை போட்ட நீளக் கட்டடம். உள்ளே எஞ்சின் சத்தம் தடதடத்தது. அமோனியா நெடி வாசலிலேயே கண்ணை எரித்தது. ஆபேலுக்கு முப்பத்தைந்து வயதிருக்கலாம். முட்டிக்கு மேல் மடித்துக்கட்டிய வேட்டி, உப்பு பூத்த கை. உலக யுத்தத்தின்போது அஸ்ஸாமில் அமெரிக்கப் பட்டாளத்தின் குளிர்க்கிடங்கில் மூன்று வருஷம் வேலை பார்த்தவர் என்று பிறகுதான் சுயம்புவுக்குத் தெரியவந்தது. கூப்பிட்டு கால்மணி நேரம் கழித்துத்தான் வெளியே வந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். எதையும் தொடவில்லை.

"அண்ணாச்சி, குளிரு பையப் பையக் குறையுதா, இல்ல சட்டுன்னு நிக்குதா?"

சுயம்பு யோசித்தான். இந்தக் கேள்வியைக் கொச்சியில் யாரும் கேட்கவில்லை.

"சட்டுன்னு. வெளக்க அணச்சமாதிரி."

"நின்னபொறவு வண்டிய ஓரம் கெட்டி ஒரு சாயா குடிச்சிட்டு வந்தா?"

"அப்ப மறுபடி குளிரும்வே. கால்மணி, இருவது நிமிசம். பொறவும் நிக்கும்."

"நிக்குத நேரத்துல எஞ்சின்ல ஏதாம் வித்தியாசம் உண்டா?"

சுயம்பு நிமிர்ந்து பார்த்தான். நான்கு மாதமாக அவன் கால் மட்டும் அறிந்திருந்த ஒரு விஷயம் அது. வாய்விட்டு யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

"உண்டு. குளிரு நின்னதும் வண்டி லேசாயிரும். ஏத்தத்துல மிதிச்சிட்டிருந்த கால நான் கொஞ்சம் எடுக்கணும். முதுவுல இருந்த மூட்டைய எறக்கினது மாதிரி."

ஆபேலின் முகம் மலர்ந்தது. "இத கொச்சில சொன்னியளா?"

"அவுனுவ கேக்கல்ல."

"நல்லா சொன்னீங்க, போங்க. பாதி சோலி முடிஞ்சுது" என்றவர், உள்ளே போய் மிஷினைத் தன் கூட்டாளியிடம் ஒப்படைத்துவிட்டு வந்தார். "ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம்."

பின்சீட்டு உறை வெள்ளைத் துணி. ஆபேலின் வேட்டியில் மீன்வாடை. சுயம்பு டிக்கியிலிருந்து ஒரு சாக்கை எடுத்துச் சீட்டில் விரிக்கப் போனான். ஆபேல் அதைக் கவனித்தார், ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

"நான் அங்க இருக்கல்ல அண்ணாச்சி. டிக்கிக்குள்ள இருக்கேன். மூடிய தூக்கிக் கெட்டுங்க."

"ரோட்டுலயா? ஆளு பாத்தா சிரிக்கும்."

"சிரிக்கட்டும்."

அப்படியே செய்தார்கள். டிக்கிக்குள் குளிர் மிஷினுக்குப் பக்கத்தில் ஆபேல் குத்தவைத்து உட்கார்ந்து, இடது கையால் ஒரு குழாயையும் வலது கையால் இன்னொரு குழாயையும் பிடித்துக்கொண்டார். அமெரிக்கக் கார் டிக்கியைத் திறந்துபோட்டுக்கொண்டு, உள்ளே ஒரு மனிதன் கண்ணை மூடி உட்கார்ந்திருக்க, கருங்கல் சந்தை வழியாகப் போனது. மரச்சீனிக் கிழங்கு விற்றுக்கொண்டிருந்த பெண்கள் எழுந்து நின்று பார்த்தார்கள். "ஏட்டி, வைத்தியரு நாடி பாக்காரு!" என்று ஒருத்தி கூவினாள். சந்தையே சிரித்தது. சுயம்புவுக்குக் காது சூடானது. கண்ணாடியில் பார்த்தான். மூடி மறைத்துக்கொண்டிருந்ததால் ஆபேல் தெரியவில்லை.

திங்கள்சந்தை போகிற வழியில் பாலம் ஒன்றைத் தாண்டியபோது சுயம்புவின் காலுக்கடியில் வண்டி லேசானது. அதே நொடியில் டிக்கியிலிருந்து தகரத்தில் இரண்டு தட்டு. கூரைக் காற்றில் குளிர் போவதற்கு இன்னும் அரை நிமிஷம் இருந்தது. அதற்கு முன்பே இரண்டு பேருக்கும் தெரிந்துவிட்டது.

வண்டியைச் சாயாக்கடை முன்னால் ஓரம்கட்டி, எஞ்சினை அணைக்காமல் இறங்கினான்.

"கை வைங்க" என்றார் ஆபேல். "இந்தத் தடிச்ச குழாய். இவ்வளவு நேரம் வேர்த்துக் கொட்டிட்டிருந்தது. இப்ப?"

உலர்ந்திருந்தது. சூடேறவும் தொடங்கியிருந்தது.

"இப்ப இந்த வால்வுல பாருங்க."

பித்தளையில் சின்ன எலுமிச்சங்காய் அளவு வால்வு. அதன் கழுத்தில் மட்டும் ஓரிடத்தில் வெள்ளையாகப் பனி படிந்திருந்தது. மற்ற இடமெல்லாம் துடைத்த மாதிரி சுத்தம்.

"இதுக்குள்ள ஊசி போகுத அளவுக்கு ஒரு ஓட்டை. கேஸு முழுக்க அது வழியாத்தான் போணும். அத என்னமோ அடைக்குது. கம்ப்ரசர் போயிருந்தா வண்டி லேசாகாது அண்ணாச்சி. அது ஒழுங்கா இழுக்குது. இழுக்கதுக்கு ஒண்ணும் வரல்ல, அதான் சும்மா சுத்துது."

"என்ன அடைக்குது?"

"பாப்போம்." ஆபேல் தோளில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு சாயாக்கடைக்குள் போனார். கொதிக்கிற வெந்நீரில் தோய்த்த துண்டை ஆவி பறக்க இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு ஓடிவந்து வால்வின் மேல் சுற்றினார்.

சுயம்பு குனிந்து நின்றான். ஒன்று, இரண்டு, மூன்று என்று மனதுக்குள் எண்ணினான். ஒன்பதாவதில் வால்வுக்குள் "ஸ்ஸ்" என்று ஒரு சீறல். முன்னால் எஞ்சின் சத்தம் கனத்தது. அவன் கை வைத்திருந்த குழாய் அவன் கைக்கடியிலேயே குளிர்ந்தது. பத்து எண்ணுவதற்குள் வேர்வை பூத்தது. காருக்குள் தலையை நீட்டினான். மார்கழி மாத விடியற்காலைபோலக் காற்று முகத்தில் விழுந்தது.

கொச்சியில் மூன்று பேர் இரண்டு நாள் குடைந்த வண்டி. கருவிகளைத் தட்டில் அடுக்கிவைத்துக்கொண்டு குடைந்தார்கள். இந்த மனிதர் கையில் இருந்தது ஒரு துண்டு. சுயம்பு பதினாறு வருஷத்தில் எத்தனையோ மெக்கானிக்குகளைப் பார்த்திருக்கிறான். கெட்டுப்போன பொருளைக் கழற்றாமல், பயமுறுத்தாமல், அதன் வாயாலேயே சொல்லவைத்தவரைப் பார்த்ததில்லை. 

"ஐஸுதான்" என்றார் ஆபேல். "சூடு பட்டதும் உருகிச்சு, வழி விட்டுச்சு. கேஸுக்குள்ள வெள்ளம் இருக்கு. ஒரு சொட்டுத் தண்ணி போரும். ஓடி ஓடி இந்த ஓட்டையில வந்து உறைஞ்சிரும். நீங்க சாயா குடிச்சு முடிக்கதுக்குள்ள தானே உருகிரும். அவ்வளவுதான் இதுக்குள்ள தீனம், வேற சீக்கு ஒண்ணும் இல்ல." துண்டைப் பிழிந்தார். "குழாய யாரோ திறந்து நனச்சிருக்கு. யாருன்னு தெரியாது."

சுயம்பு துண்டிலிருந்து சொட்டிய தண்ணீரைப் பார்த்தான். சாயா வந்தது. பாதி குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான்.

"எனக்குத் தெரியும்" என்றான். "மார்கழி மழையில எஸ்டேட் ரோட்டுல கல்லு தெறிச்சு குழாய் நட்டு விட்டுப்போச்சு. கேஸு பூரா போச்சு. குழாய்க்குள்ள சேறு. மொதலாளி ஊர்ல இல்ல. நாந்தான் களத்தி பைப்புத் தண்ணியில அலசி, வாயால ஊதி மாட்டினேன். அப்படியே கொச்சிக்குக் கொண்டுபோய் கேஸு அடிச்சேன். அதுக்குப் பொறவுதான் பாதி வழியில நிக்கத் தொடங்கிச்சு. அலசினத யாருக்கிட்டயும் சொல்லல்ல." பிறகு கேட்டான்: "ஏன் அலசினன்னு நீங்க கேக்கல்லியே?"

இவ்வளவு நேரமும் 'வே' என்றும் 'ஓய்' என்றும் பேசிக்கொண்டிருந்த வாயில் 'நீங்க' எப்போது வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"சேறு இருந்தா ஆரும் அலசத்தான செய்வாங்க" என்றார் ஆபேல். "வெள்ளத்த எடுக்க வழி இருக்கு. மூணு நாள் வேணும். பகலுல எனக்கு ஐஸு எறக்கதுக்கு இடையில ரெண்டு மணிக்கூர் கிடைக்கும்."

வழி இதுதான். குழாயின் நடுவில் டிரையர் என்று ஒரு சிறு உருளை. அதற்குள் கல்லுப்பு மாதிரி மணிகள். ஈரத்தை உறிஞ்சுவது அவற்றின் வேலை. இப்போது அவை குடித்துக் குடித்து நிறைந்துவிட்டன. ஆபேல், கேஸ் சேரும் டாங்கியின் வாயை மட்டும் அடைத்துவிட்டு எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டார். கம்ப்ரசர் குழாயில் இருந்த கேஸையெல்லாம் இழுத்து டாங்கிக்குள் அடைத்தது. ஒரு மூச்சுகூட வீணாகாமல் டிரையரைக் கழற்றினார். மணிகளைத் தகரத்தட்டில் பரப்பி, கருங்கல் ரொட்டிக்கடையில் ரொட்டி எடுத்தபின் ஆறாத அடுப்புக்குள் வைத்தார்கள். ஐந்து மணி நேரம். ஆறுவதற்குள் அடைத்து மாட்டினார்கள். கடைசி நட்டை முறுக்குவதற்குமுன் துளி கேஸை விட்டு, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றினார். அதில் அவர் விரல்நுனி வெளுத்து, தீப்பட்டதுபோல் கொப்பளித்தது. வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே முறுக்கினார்.

மறுநாள் ஓட்டிப் பார்த்தார்கள். இருபத்தைந்து நிமிஷம் தாண்டியது. முப்பது, நாற்பது. ஐம்பதாவது நிமிஷம் மார்த்தாண்டம் பக்கத்தில் நின்றுவிட்டது. சுயம்பு சலிப்போடு வண்டியை ஓரம்கட்டினான். ஆபேலோ டிக்கியிலிருந்து சிரித்தபடி இறங்கினார்.

"பாதி வெள்ளம் வெளிய வந்தாச்சு! கணக்குச் செரியா வருது. மணிய இன்னும் ரெண்டு சூடு போடணும்."

திரும்பி வந்தபோது ஐஸ் பாக்டரி வாசலில் முத்துநாயகம் நின்றுகொண்டிருந்தார். தாமதம் தாங்காமல் பஸ் பிடித்து வந்திருந்தார். மறுபடியும் நின்றுவிட்டது என்று கேட்டதும் முகம் சிவந்தது.

"கொச்சிக்காரனே தொட மாட்டேன்னு சொன்ன சாதனத்த இவன் திறந்துபோட்டு... இருந்ததையும் கெடுத்தாச்சா? ஏலே சுயம்பு, ஆரக் கேட்டு திறக்க வுட்ட?"

ஆபேல் கொப்பளித்த விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு நின்றார். மார்கழிக் கதையைச் சொல்லி ஒரே வார்த்தையில் தப்பித்திருக்கலாம். சொல்லமாட்டார் என்று சுயம்புவுக்குப் புரிந்தது. அது புரிந்ததும் முன்னால் வந்து நின்றான்.

"மொதலாளி, கெடுத்தது நாந்தான்" என்றான். கல் தெறித்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். "இவரு கெடுக்கல்ல. கம்ப்ரசருக்கு ஒரு கேடும் இல்லன்னு கண்டுபிடிச்சதே இவருதான். இருவத்தஞ்சு நிமிசம் இப்ப அம்பதாயிருக்கு. அது கெட்டதுனால இல்ல, செரியாகிட்டு வரதுனால."

முத்துநாயகம் காரையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தார். "அஞ்சு மாசமா என் மொகத்தப் பாத்துட்டே இருந்திருக்க."

"ஆமா மொதலாளி."

அவர் ஆபேல் பக்கம் திரும்பினார். குரல் இறங்கியிருந்தது. "எனக்கு இதுல ஒண்ணும் மனசிலாகாது. நீரு ஒரு வாக்கு சொல்லும். என் வீட்டுக்காரிய ஆரல்வாமொழி தாண்டிக் கூட்டிட்டுப் போலாமா?"

"இன்னும் ரெண்டு சூடு போட்டு, மூணு மணிக்கூர் நிக்காம ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுதேன். இப்பமே சொன்னா அது பொய்."

அந்தப் பதில் முத்துநாயகத்தை அடக்கிவிட்டது. "பாத்துச் சொல்லும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நிழலில் போய் நின்றார்.

இரண்டாம் சூட்டுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் ஓடி ஒருமுறை தயங்கியது. மூன்றாவதற்குப் பிறகு ஆபேலை டிக்கியில் உட்காரவிட சுயம்பு சம்மதிக்கவில்லை. பின்கதவைத் திறந்து பிடித்தான். வெள்ளை உறையின்மேல் ஆபேல் உட்கார்ந்தார். வட்டக்கோட்டை வரை போய், கடலைப் பார்த்து ஐந்து நிமிஷம் எஞ்சினை அணைக்காமல் நின்று, திரும்பினார்கள். நான்கு மணி நேரம். போகும்போது பேசிக்கொண்டுவந்த ஆபேல் திரும்பும்போது குளிரில் தூங்கிப்போனார். சுயம்பு குழிகளையெல்லாம் ஒதுக்கி ஓட்டினான்.

எஸ்டேட்டில் வேலை தருவதாக முத்துநாயகம் சொல்லிப் பார்த்தார். ஆபேல் வரவில்லை. "மத்தியானம் வள்ளம் கரையேறும்போ ஐஸு இல்லன்னா மீனு அழுவிரும் மொதலாளி" என்றார். முதலாளிக்குக் கோபம் வரவில்லை.

வைகாசி பதினொன்றாம் தேதி காலை அன்னக்கிளி காரில் ஏறினார். அழகியமண்டபம் போனது, தக்கலை போனது. நாகர்கோவில் தாண்டி, தோவாளையில் வரிசை வரிசையாகப் பூக்கூடைகள் கண்ணாடிக்கு வெளியே போயின. கணவாயில் காற்று வண்டியைப் பிடித்து உலுக்கியது. புழுதி செம்மண் திரைபோல் எழுந்து கண்ணாடியில் மோதியது. உள்ளே ஒரு துகளும் இல்லை. சுயம்புவின் வலது கால் ஒவ்வொரு ஏற்றத்திலும் அந்த லேசாகும் உணர்வை எதிர்பார்த்துக் காத்திருந்தது. வரவே இல்லை. கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டில் அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கல்யாண வீட்டு வாசலில் பகவதியம்மாள் அக்காவைக் கண்டு, கையிலிருந்த பன்னீர்ச்செம்பைப் பக்கத்தில் நின்றவளிடம் திணித்துவிட்டு ஓடிவந்தாள். இரண்டு பேரும் நடுவாசலில் கட்டிக்கொண்டு நின்றார்கள். வழி அடைபட்டுப் பின்னால் வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

பந்தலுக்கு வெளியே மற்ற டிரைவர்கள் காரைச் சூழ்ந்துகொண்டார்கள். சுயம்பு டிக்கியைத் திறந்து காட்டினான். வால்வையும் டிரையரையும் தொட்டுத் தொட்டுச் சொன்னான். தான் குழாயை அலசியதையும் விடாமல் சொன்னான்.

"யாரு சரி பண்ணது? மெட்ராசா?" என்று திருநெல்வேலி டிரைவர் ஒருவர் கேட்டார். அவர் முதலாளி வீட்டிலும் ஒரு குளிர்ப்பெட்டி நின்றுபோய்க் கிடந்தது.

"மெட்ராசும் இல்ல, கொச்சியும் இல்ல. பேரு ஆபேல். எழுதிக்கிடும்" என்றான் சுயம்பு. அவர் சிகரெட் அட்டையைக் கிழித்துப் பென்சிலை நாக்கில் நனைத்துக்கொண்டார். "கருங்கல் சந்தையத் தாண்டி இனயம் ரோட்டுல எறங்கணும். கடக்காத்து மொகத்துல அடிக்க ஆரம்பிச்சதும் எடப்பக்கம் ஓட்டுக் கெட்டிடம். உள்ள எஞ்சின் சத்தம் கேக்கும். கூப்பிட்ட ஒடன வரமாட்டாரு. அவசரப்படுத்தாதயும், நில்லும். வந்தபொறவு அவரு கேக்கதுக்கெல்லாம் உள்ளது உள்ளபடி பதில் சொல்லும்."